காய்ந்த பிறகு எத்தனை கிராம் தேறும்? பருவக் கடைசியில் நிற்கும் கஞ்சாச் செடிக்கு அறிகுறி பார்த்து ஒரு விளைச்சல் கணக்கு

செப்டம்பர் கடைசி வந்துவிட்டால் ஒன்ராறியோவில் முதல் தடவை கஞ்சாச் செடி வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இதில் எவ்வளவு தேறும்? ஜூன் நடுவிலோ ஜூலையிலோ தாமதமாக நட்ட செடி இடுப்புயரத்துக்கு நிற்கிறது, பூவும் வைத்திருக்கிறது, ஆனால் இரவில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது. வெட்டலாமா, விட்டுவைக்கலாமா, விட்டுவைத்தால் எத்தனை கிராம் கூடும் என்று தெரியாமல் தவிப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியைப் பாருங்கள். கணக்குப் போடும் முறை இரண்டாவது பகுதியில் இருக்கிறது. அதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் சட்டம். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு வீட்டுக்கு 4 செடிகள். ஆளுக்கு நான்கு அல்ல, எத்தனை பேர் குடியிருந்தாலும் வீட்டுக்கு நான்கு. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். விதையோ கன்றோ உரிமம் பெற்ற இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே முடியாது; அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வாசிப்பவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வளர்ப்பது குற்றம்.

அறிகுறி: எங்கோ படித்த எடைக்கும் என் செடிக்கும் சம்பந்தமே இல்லை

ஒரு செடியில் அரைக்கிலோ, ஒரு கிலோ என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அப்படி விளைவது உண்டு. ஆனால் அது மே கடைசியில் தரையில் நட்டு, நாள் முழுக்க வெயில் விழுந்து, ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த செடி. மருத்துவத் தேவைக்காகச் சொந்தமாக வளர்ப்பவருக்கு எத்தனை செடி அனுமதிப்பது என்று பார்க்கும் கனடா விதிமுறையும், வெளியில் நிற்கும் ஒரு செடிக்கு 250 கிராம் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறது. அந்த எண்ணைத் தாமதமாக நட்ட செடிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

காரணம் எளிது. வழக்கமான கஞ்சாச் செடி இரவு நீளத் தொடங்கியதும் பூவுக்குத் திரும்பிவிடும். தென் ஒன்ராறியோவில் அது ஜூலை கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் நடக்கிறது. மே மாதம் நட்டதற்கும் இதே நாள்தான், ஜூலையில் நட்டதற்கும் இதே நாள்தான். தாமதமாக நட்டவருக்குக் கிளை பரப்ப நேரமே கிடைக்காது. கையிலிருக்கும் சின்ன உடம்போடு செடி பூக்கப் போய்விடும். 20 லிட்டர் தொட்டியில் ஒரு மீட்டருக்குக் குறைவாக நிற்கும் செடியில் காய்ந்த பூ 20 முதல் 60 கிராம் வந்தால் அது நல்ல விளைச்சல்தான். தரையில் நட்டு, நல்ல வெயிலும் கிடைத்திருந்தால் கொஞ்சம் கூடும்.

'ஆட்டோ' வகை வைத்தவர்களுக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது. அது இரவு நீளத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூக்கும். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

அறிகுறி: வெட்டும்போது மலைபோல இருந்தது, காய்ந்ததும் கைப்பிடிதான்

இங்கே செடியில் எந்தக் கோளாறும் இல்லை. எடை போட்ட நேரம்தான் தவறு. பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். இலை கழித்துத் தண்டு நீக்கிய பூ, காய்ந்த பிறகு 20 முதல் 25 சதவீதம் நிற்கும். கஞ்சாச் சட்டத்தின் அட்டவணையே காய்ந்தது 1 கிராம் என்றால் பச்சை 5 கிராம் என்று சமன்படுத்துகிறது. ஆக, ஐந்தால் வகுப்பது பாதுகாப்பான கணக்கு. எதை ஐந்தால் வகுக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேரோடு அறுத்த முழுச் செடியையும் தூக்கித் தராசில் வைத்துவிட்டு ஐந்தால் வகுத்தால் இரண்டு மடங்கு ஏமாற்றம். தண்டும் பெரிய இலையும் சேர்ந்த முழுப் பச்சை எடையில் பத்தில் ஒரு பங்கு பக்கம்தான் கடைசியில் பூவாகத் தேறும்.

வெட்டுவதற்கு முன்பே மதிப்பிட வேண்டுமென்றால் மாதிரிக் கிளை ஒன்றை எடுப்பதுதான் சரி. கண்ணால் பார்த்துச் சொல்லும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. பனி, மழை எதுவும் இல்லாத நாளில், பிற்பகலில் எடுங்கள். காலையில் பூவுக்குள் பனி நின்றிருக்கும், அதுவும் எடையில் சேர்ந்துவிடும். சமையலறைத் தராசு ஒரு கிராம், இரண்டு கிராம் என்று தாவும். சின்னக் கிளைக்கு அது உதவாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

ஒரு செடியை வைத்துப் பார்ப்போம். தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம். உச்சியில் ஒரு பெரிய கதிர் (பூக்கள் நெருக்கமாகச் சேர்ந்த கொத்து), நடுவில் 6 கிளை, கீழே நிழலில் 7 கிளை. நடுக்கிளைகளில் மிகச் சிறந்ததும் வேண்டாம், மோசமானதும் வேண்டாம். சராசரியாக ஒன்றை வெட்டுகிறீர்கள். தண்டும் இலையுமாக 60 கிராம். இலையெல்லாம் கழித்து, பூவைத் தண்டிலிருந்து நறுக்கி எடுத்தால் 33 கிராம். அதைத் தனியாக உலர்த்தினால் 7 கிராம் நிற்கிறது. நடுக்கிளை ஆறுக்கும் 42. கீழ்க்கிளை ஒன்றையும் அதே மாதிரி பார்த்தால் பச்சையில் 9, காய்ந்து 2-க்குச் சற்றுக் குறைவு. ஏழுக்கும் சேர்த்து 13. உச்சிக் கதிரை வெட்டத் தேவையில்லை. நடுக்கிளைக் கதிர் 15 சென்டிமீட்டர், உச்சிக் கதிர் 25 சென்டிமீட்டர், தடிமனும் கூடுதல். இரண்டு மடங்கு என்று வைத்தால் 14. கூட்டினால் 69 கிராம். அழுகலுக்கும் கழிவுக்கும் பத்து சதவீதம் தள்ளினால் 62. இந்தச் செடிக்கு நான் 55 முதல் 65 என்று சொல்வேன். ஒற்றை எண் சொல்ல மாட்டேன்.

காயும் வரை பொறுமை இல்லாதவர்கள் 33-ஐ ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம்: 6.6. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உங்கள் செடியின் பூ எவ்வளவு தண்ணீர் பிடித்திருக்கிறது என்பது மாதிரியைக் காயவைத்துப் பார்த்தால்தான் தெரியும். இறுக்கமில்லாத, பஞ்சுபோன்ற பூ இன்னும் கூடுதலாகச் சுருங்கும்.

அறிகுறி: பூவில் இன்னும் வெள்ளை இழைதான் நிற்கிறது, உறைபனி வரப்போகிறது

இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று பூவின் முதிர்ச்சி, இன்னொன்று வரும் பத்து நாள் வானிலை.

முதிர்ச்சியை இழையின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மழை அடித்தாலும், கை பட்டாலும், மகரந்தம் பட்டாலும் இழை பழுப்பாகிவிடும். 60 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லூப் (கைக்கு அடக்கமான பூதக்கண்ணாடி) ஒன்று வாங்கிப் பூவிதழின் மேலுள்ள பிசின் துளிகளைப் பாருங்கள். காளான் மாதிரி காம்பும் தலையுமாக நிற்கும். தலை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பால்போல் மங்கியிருந்தால் தயார். அங்கங்கே தேன் நிறம் தெரிந்தால் இனி காத்திருந்து பெரிய லாபம் இல்லை. பூவை ஒட்டிய சின்ன இலையில் பார்க்காதீர்கள், அது எப்போதும் முந்திக்கொள்ளும். பூவிலேயே பார்க்க வேண்டும்.

தெளிவாகவே இருந்தால்? பூ கடைசி வாரங்களில் கனப்பது உண்மை. ஆனால் ஆகஸ்ட் வெயிலில் கனப்பதுபோல அக்டோபரில் கனக்காது. டொரொன்டோவில் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பகல் 11 மணி நேரம் சொச்சம்தான், சூரியனும் தாழ்ந்துவிடும். பக்கத்து வீட்டு வேலி நிழல் செப்டம்பர் வரை வராத இடத்துக்கெல்லாம் வந்து விழும். அந்த நிழல் உங்கள் செடியின் கீழ்ப்பாதியை மூடத் தொடங்கிவிட்டால், கீழ்க்கிளைக்கு நீங்கள் போட்ட எண்ணைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

ஒன்றிரண்டு மணி நேரம் பூச்சியத்தைத் தொட்டுத் திரும்பும் லேசான உறைபனியைப் பெரும்பாலான செடி தாங்கும். தொட்டியில் இருந்தால் இரவில் கராஜுக்குள் தள்ளிவிடலாம். தரையில் இருந்தால் பழைய பெட்ஷீட் போர்த்தலாம். பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும். காலையில் எடுத்துவிட மறக்காதீர்கள். இரவு முழுக்கப் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி நிற்கும் என்று வானிலை சொன்னால் அதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். செல்லுக்குள் தண்ணீர் உறைந்து வெடித்த பூ, உருகியதும் கீரை வதங்கியதுபோல் கறுத்துத் தொங்கும். அதன் பிறகு அழுகல் நிச்சயம்.

ஏரியை ஒட்டிய ஸ்கார்பரோவுக்கும் உள்ளே தள்ளியிருக்கும் மார்க்கம், பிராம்ப்டன் பக்கத்துக்கும் முதல் உறைபனி ஒரே நாளில் வராது, உள்ளே முந்தும். சொந்தக்காரர் வீட்டில் இன்னும் நிற்கிறதே என்று நீங்களும் விட்டுவைக்காதீர்கள்.

இலையோ தண்டோ ஊதாவாக மாறினால் பயப்பட ஒன்றுமில்லை. குளிர் கூடினால் பல வகைகளில் அந்த நிறம் வரும். எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: தடித்த கதிரின் நடுவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் வாடியிருக்கிறது

இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது இதுதான். சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்க, பூவிலிருந்து நீட்டும் ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும். இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல் இருக்கிறது. பூவைப் பிளந்து பாருங்கள்: தண்டை ஒட்டிய இடம் பழுப்பாகக் குழைந்திருக்கும், சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருக்கும். பொட்ரைட்டிஸ் என்ற இந்தப் பூசணம் திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழிக்கும் அதேதான். குளிர்ந்த, ஈரமான, காற்றோட்டம் இல்லாத இடம் அதற்குப் பிடித்தமானது. அக்டோபர் மழையில் இறுக்கமான கதிரின் உள்பக்கம் அப்படித்தான் இருக்கும்.

இதில் வருத்தம் என்னவென்றால், அழுகல் முதலில் பிடிப்பது மிகத் தடித்த, மிகக் கனமான கதிரைத்தான். உங்கள் கணக்கில் அதிக எண் கொடுத்த கதிர்தான் முதலில் போகும். அதனால்தான் உச்சிக் கதிரை மலைபோல் நம்பிக் கணக்குப் போட வேண்டாம் என்கிறேன்.

உள்ளே சின்னக் கறுப்பு உருண்டைகள் கிடந்தால் அது புழுவின் எச்சம். புழு துளைத்த வழியில் ஈரம் புகுந்து, அதன் பின்னால் பூசணம் வரும். புழுவைத் தேடி எடுத்துவிடுங்கள். பூ முற்றிய பிறகு அதன்மேல் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். அதைத்தான் நாளைக்கு உடம்புக்குள் எடுக்கப்போகிறீர்கள்.

என்ன செய்வது? அழுகல் தெரியும் இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். உதறாமல் மெதுவாக ஒரு பைக்குள் இறக்கி, வாயைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். அப்புறம் அதே தடிமனுள்ள இன்னொரு கதிரைப் பிளந்து பாருங்கள், வெளியில் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும். அதுவும் உள்ளே கெட்டிருந்தால் மிச்ச நாள் கணக்கெல்லாம் முடிந்தது. தேறுவதை அன்றைக்கே வெட்டுங்கள். அடுத்த இரண்டு நாள் மழை என்று சொல்லியிருந்தால் பிசின் துளி தெளிவாக இருந்தாலும் நான் வெட்டத்தான் சொல்வேன். கொஞ்சம் முந்தி வெட்டிய 40 கிராம், அழுகிப்போன 60 கிராமைவிட மேல்.

மதிப்பீட்டில் கழிப்பதற்கு: ஒரே ஒரு இடத்தில் கண்டால் பதினைந்து சதவீதம் தள்ளுங்கள். மூன்று நான்கு கதிரில் கண்டால் பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சம் வந்தால் சந்தோஷப்படுங்கள். பூசணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டுக் காயவைப்பது, எண்ணெய் எடுக்கலாம், சமையலில் போடலாம் என்று ஒதுக்கி வைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பூசணம் பிடித்த கஞ்சா உண்மையிலேயே ஆபத்து.

இலைமேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படர்ந்தால் அது வேறு, சாம்பல் நோய். பெரிய இலையில் மட்டும் இருந்தால் இலையைக் கிள்ளி எறியுங்கள், கணக்கு மாறாது. பூவுக்குள் ஏறிவிட்டால் அந்தப் பூவைக் கழித்துவிடுங்கள்.

அறிகுறி: பெரிய இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது

பூக்கும் காலத்தின் கடைசியில் கீழிலிருந்து மேலாக இப்படி மஞ்சளாவது இயல்பு. செடி இலையில் சேர்த்து வைத்த தழைச்சத்தைப் பூவுக்கு எடுத்துக்கொள்கிறது. உரம் போட ஓடாதீர்கள். ஆகஸ்டிலேயே இப்படி ஆகியிருந்தால் மட்டும் பூ சிறுத்திருக்கும். மாதிரிக் கிளையின் எடையே அதைச் சொல்லிவிடும், தனியாகக் கழிக்க வேண்டாம்.

அறிகுறி: மாதிரிக் கிளை எடை நன்றாக வந்தது, ஆனால் நசுக்கினால் விதை

பூவின் சின்ன உறைகள் உப்பி, அழுத்தினால் உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் மகரந்தம் பட்டிருக்கிறது. உங்கள் நான்கில் ஒன்று ஆண் செடியாக இருந்திருக்கலாம். சாதாரண விதையில் பாதிக்குப் பாதி ஆண் வரும். பெண் விதை என்று விற்பதில் அந்தத் தொல்லை குறைவு. அல்லது பெண் செடியே குளிரிலும் நெருக்கடியிலும் சில ஆண் பூவை விட்டிருக்கலாம். பூவுக்கு நடுவில் மஞ்சளாக, வாழைப்பழச் சீப்பின் வடிவில் குட்டியாகத் தெரியும்.

விதை எடை கூட்டும், அதனால் கணக்கு ஏமாற்றும். நூறு விதை ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை வரும். காய்ந்த மாதிரியைப் பிரித்து, விதையைத் தனியே எடுத்து நிறுத்து, அந்த விகிதத்தை எல்லாக் கிளைக்கும் கழியுங்கள். விதை பிடித்த செடி பூ வளர்ப்பதை விட்டு விதை வளர்க்கப் போய்விடுவதால், இன்னும் இரண்டு வாரம் விட்டுவைத்தாலும் பூ பெரிதாகக் கூடாது. வெட்ட யோசிக்காதீர்கள்.

அறிகுறி: கீழ்க்கிளைப் பூவெல்லாம் கடலைப்பருப்பு அளவுதான்

வெயில் போதவில்லை. பருவக் கடைசியில் அதைச் சரிசெய்ய முடியாது. உச்சிக் கதிரும் நடுக்கிளையும் தயாரானால் அவற்றை மட்டும் முதலில் வெட்டிவிட்டு, வானிலை இடம் கொடுத்தால் கீழ்க்கிளையை ஒரு வாரம் விட்டுவைக்கலாம். மறைத்து நின்ற மேல்பகுதி போனதும் வெளிச்சமும் காற்றும் கீழே இறங்கும். மழை வருமென்றால் விடுங்கள், அந்த நாலு கிராமுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: காய்ந்துவிட்டது என்று நிறுத்தேன், அடுத்த வாரம் எடை இன்னும் குறைகிறது

வெளியே மொறுமொறுப்பாக இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கிளையோடு இருட்டான இடத்தில், 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 55–60 சதவீதத்தில், காற்று நேராகப் படாமல் தொங்கவிட்டால் 7 முதல் 14 நாள் ஆகும். சின்னத் தண்டை வளைத்தால் மடங்காமல் 'டக்' என்று ஒடிய வேண்டும். அப்புறம் இலை கழித்து, கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள். மறுநாள் 58-க்கும் 62-க்கும் இடையில் காட்டினால் அன்று நிறுக்கும் எடைதான் உங்கள் உண்மையான விளைச்சல். 65-ஐத் தாண்டினால் வெளியே எடுத்து இன்னும் ஒரு நாள் பரப்புங்கள். அப்படியே மூடி வைத்தால் ஜாடிக்குள் பூசணம் பிடிக்கும். 50-க்குக் கீழே போயிருந்தால் எடை குறைவாகக் காட்டும், பூவும் பொடிப்பொடியாக உதிரும்.

அந்த எடை நீங்கள் மதிப்பிட்டதிலிருந்து இருபது சதவீதத்துக்குள் வந்தால் மாதிரிக் கிளையைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். அதைவிடக் குறைந்திருந்தால் கழித்த குப்பையையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் கிடக்கும். நட்ட தேதி, பூ வைத்த தேதி, வெட்டிய தேதி, கிளை வாரியாகப் பச்சை எடை, காய்ந்த எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் அதே வகையை வைத்தால், மாதிரிக் கிளை வெட்டாமலே பாதிக் கணக்கு கையில் இருக்கும்.

வீட்டில் விளைந்ததை வீட்டில் வைத்திருக்க எடை வரம்பு இல்லை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வெளியே கொண்டுபோகும்போது ஒருவரிடம் காய்ந்தது 30 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வயது வந்த நண்பருக்கு அந்த அளவுக்குள் சும்மா கொடுக்கலாம், விற்கக் கூடாது. அமெரிக்க எல்லையைத் தாண்டுவதாக இருந்தால் ஒரு கிராம்கூட வேண்டாம். அந்தப் பக்கத்து மாநிலத்தில் சட்டப்படி விற்றாலும் எல்லையில் அது குற்றம்தான்.